முதலில் கரையோரமா, நடுக்கடலா? பாய்மரப் படகு கற்க எந்தப் பயணம் நல்லது?

கரைமணல்:

எல்லோருக்கும் வணக்கம். ஏரியில் டிங்கி என்னும் சின்னத் திறந்த பாய்மரப் படகு ஓட்டி ஓரளவு பழகியிருக்கிறேன். டேக் அடிப்பது (முன்முனையைக் காற்றின் குறுக்கே திருப்புவது), ஜைப் அடிப்பது (பின்முனையைக் காற்றின் குறுக்கே திருப்புவது), கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறுவது வரை வரும். அடுத்ததாக கேபின் வைத்த பெரிய படகில், 35, 40 அடி க்ரூசர் என்கிறார்களே, அதில் பயணம் போய்க் கற்றுக்கொள்ள ஆசை. என்றாவது ஒருநாள் சொந்தப் படகு வாங்கி நானும் என் கணவரும் மட்டும் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது நீண்ட காலக் கனவு.

இந்த வருட விடுப்புக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பயிற்சிப் பள்ளியின் ஒரு வாரப் பயணம். தினமும் ஒரு துறைமுகம், இரவில் கட்டிப் போட்டுவிட்டுத் தூக்கம். இன்னொன்று, தன் படகை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோகும் ஒருவர் ஆள் தேடுகிறார். பத்து நாளுக்கு மேல் கரையே தெரியாதாம், அனுபவம் தேவையில்லை, செலவைப் பங்கு போட்டால் போதும் என்கிறார். இரண்டாவதில்தான் நிறைய கடல் மைல் கிடைக்கும், அதுதான் நிஜமான கடல் என்று தோன்றுகிறது. முதலாவது கொஞ்சம் சுற்றுலா மாதிரி இருக்கிறது. தவிர, குமட்டல் வருமோ என்ற பயமும் உண்டு. எதில் போகலாம்?

---

சுக்கான்பிடி:

கரையோரம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

கடல் மைலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு நாளில் படகை எத்தனை முறை கையாள்கிறீர்கள் என்று பாருங்கள். கரையோரப் பயணத்தில் காலையில் கயிறு அவிழ்ப்பதில் ஆரம்பித்து, பாய் ஏற்றி, முனையைச் சுற்றும்போது நாலு டேக் அடித்து, காற்று கூடினால் ரீஃப் எடுத்து (பாயின் பரப்பைக் குறைத்து), மதியம் ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டு, சாயங்காலம் புதுத் துறைமுகத்தில் குறுக்குக் காற்றோடு மல்லுக்கட்டிக் கட்டுவது வரை எல்லாமே ஒரே நாளில் வந்துவிடும். மறுநாள் அதே பாடம், வேறு காற்று, வேறு இடம். நடுக்கடலில் நிலைக்காற்று பிடித்துவிட்டால் மூன்று நாள் ஒரே பக்கம் சாய்ந்தபடி போவீர்கள், பாயைத் தொடுவதே பெரிய விஷயம். சுக்கானையும் பெரும்பாலும் ஆட்டோபைலட்தான் பிடிக்கும். ஆயிரம் மைல் போய் வந்த ஆளுக்குப் படகை ஜெட்டியில் (படகுத்துறை மேடையில்) கட்டத் தெரியாமல் இருப்பதை நிறையப் பார்க்கலாம்.

டிங்கியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி எடை. டிங்கியைக் கையால் தள்ளி நிறுத்தலாம். 38 அடிப் படகு ஆறேழு டன் இருக்கும், இன்ஜினை நியூட்ரலில் போட்டாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தயவுசெய்து காலை நீட்டி ஜெட்டியில் உதைக்காதீர்கள், எலும்பு முறியும். அந்த வேலைக்கு ஃபெண்டர் என்னும் முட்டுமெத்தை இருக்கிறது. ரிவர்ஸ் போட்டவுடன் ப்ரொப்பெல்லர் சுற்றும் திசையைப் பொறுத்துப் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும், பல படகுகளில் இடது பக்கம். இது எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் அதையே வைத்துப் படகை ஜெட்டியோடு ஒட்டலாம், தெரியாவிட்டால் பக்கத்துப் படகோடு ஒட்டுவீர்கள். கயிற்றை இழுக்கும் உருளையான விஞ்சில் கயிறு சுற்றும்போது வலஞ்சுழியாக மூன்று நான்கு சுற்று, விரல்கள் விஞ்சை விட்டுத் தள்ளி. முன்பாயைக் கட்டுப்படுத்தும் கயிறான ஜிப் ஷீட்டில் பலமான காற்றில் இருக்கும் இழுப்பு டிங்கியில் நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

அப்புறம் ரீஃப். காற்று 10 நாட்டிலிருந்து 20 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) ஆனால் பாயில் விழும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. சுக்கான் கையில் கனத்து, படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது என்றால் ரீஃப் எடுக்கும் நேரம் ஏற்கனவே வந்துவிட்டது என்று பொருள். செய்கிற வரிசையைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்: மெயின் ஷீட்டை (பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு) தளர்த்து, பூம் (அந்தப் பாயின் அடிக்கட்டை) கீழே விழாமல் அதன் நுனியைத் தாங்கும் கயிறான டாப்பிங் லிஃப்ட்டில் தாங்கு, ஹால்யார்டை (பாயை ஏற்றும் கயிறு) குறி வரைக்கும் இறக்கு, முன் மூலையைக் கொக்கியில் மாட்டு, ஹால்யார்டை மறுபடி இறுக்கு, கடைசியாகப் பின் மூலையின் ரீஃப் கயிற்றை விஞ்சில் போட்டு பூமோடு ஒட்டும்வரை இழு. இதை ஒருவர் மட்டும், இருட்டில், ஆடும் படகில் செய்ய வேண்டியிருக்கும். நீங்களும் கணவரும் மட்டும் போகப் போகிறீர்கள் என்றால், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது, இருக்கும் கரையில் கற்றுக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. ஏரியில் தண்ணீர் அதே மட்டத்தில் கிடக்கும். கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே உள்ள சுமார் ஆறு மணி நேரத்தை ஆறாகப் பிரித்தால், பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்ற விகிதத்தில் தண்ணீர் ஏறும் அல்லது இறங்கும். மொத்த வித்தியாசம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 0.3 மீட்டர்தான், ஆனால் மூன்றாவது, நான்காவது மணி இரண்டிலும் சேர்த்து 1.8 மீட்டர். நங்கூரம் போட்டு நிம்மதியாக உட்காரும்போது கீல் (படகின் அடியில் நீட்டியிருக்கும் பகுதி) தரையில் மோதாமல் இருக்குமா என்பதற்கு இந்தக் கணக்குதான் பதில். இது தோராயம், எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் பழக இது போதும். அதே மாதிரி, நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப் பக்கமும் இருந்தால் அலை செங்குத்தாக எழும். அதே காற்றில் இரண்டு மணி நேரம் கழித்து, ஓட்டம் திரும்பியதும், அதே இடம் சாதுவாகிவிடும். எப்போது கிளம்புவது என்பதை முடிவு செய்யக் கற்பது, எப்படி ஓட்டுவது என்பதைவிடப் பெரிய பாடம். அதைக் கரையோரம்தான் தினமும் சொல்லித் தரும்.

சுற்றுலா மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் சாயங்காலம் வந்து அதைத் திரும்பச் சொல்லுங்கள், பார்ப்போம்.

---

நீலக்கோடு:

சுக்கான்பிடி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் நடுக்கடலில் கற்க ஒன்றுமில்லை என்பது போல எழுதியிருப்பது சரியில்லை.

முதலில் ஒரு விஷயம். புதிதாக வருகிறவர்கள் கரை பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். படகுக்கு ஆபத்தே கரைதான். காற்று உங்களைக் கரையை நோக்கித் தள்ளும்போது இன்ஜின் நின்றுபோனால் யோசிக்கக் கிடைப்பது நிமிடங்கள். நடுவில் அதே காற்றில் முன்பாயை எதிர்ப்பக்கமாகப் பிடிக்க விட்டு, சுக்கானைக் காற்றை நோக்கித் திருப்பிக் கட்டி, படகை நிறுத்திப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கலாம். ஹீவ் டு என்பார்கள். டிங்கியில்கூட இதைப் பழகலாம், க்ரூசரில் கட்டாயம் பழக வேண்டும். ரீஃப் எடுக்க, சமைக்க, குமட்டுகிறவர் கொஞ்சம் தேறி எழ, விடியும்வரை துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்க, எல்லாவற்றுக்கும் இது உதவும்.

இரண்டாவது, நீண்ட பயணம் சொல்லித் தருவது வேறு வகைப் பாடம். சாதாரணப் படகு ஒன்று சராசரி 5 நாட்டில் போனால் 24 மணி நேரத்தில் 120 கடல் மைல். அப்படி நாள் கணக்கில் போகும்போது படகு உராய்ந்தே தேயும். ஒரு கயிறு ஒரே இடத்தில் ஒரு பிளாக்கிலோ (கப்பியிலோ) கம்பியிலோ உரசிக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் நூல் நூலாகப் பிரியும். அதனால் தினமும் காலையில் பாய், கயிறு, பின், ஷாக்கிள் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்து, ஷீட்டை ஒரு சாண் இழுத்தோ விட்டோ உரசும் இடத்தை மாற்ற வேண்டும். டீசல் டேங்க் அடியில் வருடக்கணக்கில் தங்கிய கசடு, அலையில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். அது எப்போது நடக்கும் என்றால், பயணம் முழுக்கச் சும்மா இருந்த இன்ஜினைத் துறைமுக வாயிலில் கிளப்பும்போதுதான். கைவசம் உதிரி ஃபில்டர் இருக்க வேண்டும், மாற்றிவிட்டு எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடமெல்லாம் ஒரு வாரக் கரையோரப் பயணத்தில் வராது.

பின்காற்றில் நெடுநேரம் போகும்போது பூமை முன்பக்கமாக ஒரு கயிறு போட்டுக் கட்டுவது, ப்ரிவென்டர் என்பது, இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் சுக்கான் பத்து டிகிரி விலகினாலும் ஜைப் ஆகி பூம் மண்டையைத் தாக்கலாம். டிங்கியின் பூம் சின்ன அலுமினியக் குழாய், பட்டால் வீங்க வைக்கும், பெரிய படகின் பூம் ஆளையே கொன்றுவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், முதல் பயணமாக அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். பள்ளிப் பயணம் போங்கள், ஆனால் அதில் ஒரு இரவாவது ஓட்டுவார்களா என்று கேளுங்கள். 60 மைல் போல ஒரு ஓட்டம், மாலையில் கிளம்பிக் காலையில் சேருவது. அந்த ஒரு ராத்திரியில் உங்களுக்கு இது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும்.

---

கொண்டல்:

குமட்டலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஒரு கடலில் வரும், வராது என்று மார்தட்டுகிறவர்களுக்கு இன்னும் அந்தக் கடல் கிடைக்கவில்லை. பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கரையோரப் பயணத்தில் தினமும் சாயங்காலம் கரை ஏறுவதால் பழகாமலே போகலாம், நீண்ட பயணத்தில் முதல் இரண்டு நாள் நரகம், பிறகு பசி எடுக்கும். மாத்திரை என்றால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு உள்ளே தங்காது. எந்த மருந்து என்று டாக்டரிடம் கேட்டு, கரையில் இருக்கும்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அப்படித் தூக்கம் தள்ளும், அப்புறம் வாட்ச் (முறை வைத்துக் காவல்) பார்க்க முடியாது.

குமட்ட ஆரம்பித்தால் கேபினுக்குள் போகாதீர்கள், போனே ஆக வேண்டும் என்றால் நேராகப் படுத்துக் கண்ணை மூடுங்கள். வெளியே இருந்தால் சுக்கானை வாங்கிக்கொண்டு தொடுவானத்தைப் பாருங்கள். படகை ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வராது, அடுத்த அலைக்கு எந்தப் பக்கம் சாயப் போகிறது என்று உடம்புக்கு முன்பே தெரிவதால். குளிரும் பசியும் களைப்பும் சேர்ந்தால் மோசமாகும். வாந்தி எடுக்கப் பக்கவாட்டில் எட்டிக் குனிகிறீர்கள் என்றால் உங்களைப் படகோடு பிணைக்கும் ஹார்னஸ் மாட்டிக்கொண்டு குனியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாளி இன்னும் நல்லது.

அடுத்தது அந்த படகுக்காரர். "அனுபவம் தேவையில்லை" என்பது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. அவர் உங்களைத் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும், நீங்கள் அவரைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் எத்தனை பேர், அதில் இரவில் தனியாக வாட்ச் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், லைஃப்ராஃப்ட் (ஆபத்தில் ஏறிக்கொள்ளும் காற்றடைத்த மிதவை) கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, இபிர்ப் (ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் படகை யார் கொண்டுபோவார். இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். நல்ல கேப்டன் இப்படிக் கேட்டால் சந்தோஷப்படுவார். முன்பு அவரோடு போன இரண்டு பேரின் தொடர்பும் வாங்குங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் ஒரு பகல் முழுக்க அந்தப் படகில் சும்மா ஓட்டிப் பார்க்க அழைக்கச் சொல்லுங்கள். அந்தப் பகலிலேயே கத்துகிற ஆள் என்றால் பத்து நாள் தாங்காது, நடுவில் இறங்கிக்கொள்ளவும் முடியாது.

---

கரைமணல்:

மூவருக்கும் நன்றி. கொண்டல் அக்கா சொன்ன கேள்விகளை அனுப்பினேன். லைஃப்ராஃப்ட் பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை. குறிப்பிட்ட தேதிக்குள் அடுத்த துறைமுகத்தில் இருந்தே ஆக வேண்டும், அங்கே வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கொஞ்சம் உதைக்கிறது. பள்ளிப் பயணத்துக்கே பதிவு செய்துவிடலாம் என்று இருக்கிறேன், ஒரு இரவு ஓட்டமும் உண்டாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். இரவில் பெரிய கப்பல் வந்தால் எப்படித் தெரியும், எவ்வளவு நேரம் கிடைக்கும்? சான்றிதழ் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

---

நீலக்கோடு:

தேதி குறித்துவிட்டுக் கடலில் இறங்குகிறவரோடு போகவே போகாதீர்கள். வானிலை சரியில்லாவிட்டால் காத்திருக்க வேண்டும், அதற்கு இடமில்லாத பயணம் கிளம்பும்போதே கெட்டுவிட்டது.

லைஃப்ராஃப்ட் என்றதும் இன்னொன்று. அது இருக்க வேண்டும், சரிதான், ஆனால் படகு மிதக்கும்வரை படகிலேயே இருங்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயல் அடித்தபோது 15 போட்டியாளர்கள் இறந்தார்கள், 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அப்படிக் கைவிட்டவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே, மற்றவை மிதந்துகொண்டிருக்க மீட்கப்பட்டன.

---

சுக்கான்பிடி:

கப்பல் விஷயம். காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும்போது கண் மட்டம் தண்ணீரிலிருந்து 2 மீட்டர் என்று வையுங்கள், தொடுவானம் சுமார் 3 கடல் மைல்தான். கப்பலின் விளக்குகள் உயரத்தில் இருப்பதால் அதற்கு முன்பே தெரியும். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் மாஸ்ட் விளக்கு குறைந்தது 6 மைலுக்குத் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. அது 18 நாட்டில் வந்தால் 6 மைலை 20 நிமிடத்தில் கடக்கும். நீங்களும் அதை நோக்கி 5 நாட்டில் போனால் சுமார் 16 நிமிடம். மழையிலும் மூட்டத்திலும் இதுவும் கிடையாது. அதனால் பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று முழு வட்டமும் பார்ப்பது நல்ல வழக்கம், பாய்க்குக் கீழே மறையும் பக்கத்தையும் சேர்த்து. அதற்கு நடுவே உட்கார்ந்து போன் பார்த்தால் கண் குருடாகிவிடும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுக்கும். ஹெட்லாம்ப் சிவப்பாக இருக்கட்டும்.

விளக்கைப் படிப்பது எளிதுதான். பெரிய கப்பலுக்கு இரண்டு வெள்ளை மாஸ்ட் விளக்குகள், முன்னது தாழ்வு, பின்னது உயரம். தவிர இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடது பக்கம் உங்களை நோக்கி இருக்கிறது. இரண்டு நிறமும் தெரிந்து, வெள்ளை விளக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றால் அது நேராக உங்களிடம்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் கைத் திசைகாட்டியில் அதன் திசையை எடுங்கள், சில நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். எண் மாறாமல் தூரம் குறைந்தால் மோதல் பாதை. சுற்றியுள்ள கப்பல்களின் இடமும் திசையும் காட்டும் ஏ.ஐ.எஸ். திரை இருந்தால் இதையே அழகாகக் காட்டும், ஆனால் சின்ன மீன்பிடிப் படகுகள் பல அதில் வராது, அதனால் திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

பாய்மரத்துக்குத்தான் எல்லோரும் வழிவிட வேண்டும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வலை இழுத்துக்கொண்டிருக்கும் மீன்பிடிக் கலத்துக்கும், கட்டுப்பாடு இழந்த கலத்துக்கும், வேலை காரணமாகத் திரும்ப முடியாத கலத்துக்கும் நாம்தான் விலக வேண்டும். குறுகிய கால்வாயில் பெரிய கப்பலின் வழியை மறிக்கவே கூடாது. மற்றபடி, விலகுவது என்று முடிவு செய்தால் சீக்கிரமாகவும், அங்கிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி பெரிதாகவும் திரும்புங்கள். ஐந்து ஐந்து டிகிரியாகத் திருப்பினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

---

கொண்டல்:

சான்றிதழுக்கு என் பதில்: சொந்தப் படகுக்குச் சில நாடுகளில் சட்டப்படி வேண்டும், சில நாடுகளில் வேண்டாம். வாடகைக்குப் படகு எடுக்கவும் காப்பீட்டுக்கும் அநேகமாகக் கேட்பார்கள். பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. முறையில் காம்பிடன்ட் க்ரூ கோர்ஸுக்கு முன் அனுபவமே தேவையில்லை, ஐந்து நாள். டே ஸ்கிப்பருக்கு வரும்போது 5 நாள், 100 மைல், 4 மணி நேர இரவு ஓட்டம் இருந்தால் நல்லது என்கிறார்கள். யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்குக் கணக்கு எகிறும்: 50 நாள், 2,500 மைல், 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள், அதில் இரண்டு இரவோடு, இரண்டு நீங்களே ஸ்கிப்பராக (கேப்டனாக). அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. முறையில் 101 என்ற கோர்ஸில் ஆரம்பித்து 103, 104 என்று ஏறி 108-இல் ஆழ்கடல் வரும். எந்த முறையாக இருந்தாலும் கோர்ஸுக்கும் கோர்ஸுக்கும் நடுவே வேறு வேறு படகில், வேறு வேறு ஆட்களோடு ஓட்டுங்கள். ஒரே படகில் கற்றவர் அந்தப் படகை மட்டும்தான் கற்றிருப்பார்.

முடிந்தால் கணவரையும் கூட்டிப் போங்கள், ஆனால் இருவரும் ஒரே படகில் வேண்டாம். கணவன் மனைவி ஒன்றாகக் கற்றால் ஒருவர் சுக்கானிலும் இன்னொருவர் கயிற்றிலுமே நின்றுவிடுவார்கள், வருடங்கள் போனாலும் மாறாது. சுக்கானில் இருந்தவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் படகைத் திருப்பி வந்து எடுக்கத் தெரிந்த ஆள் படகில் இருக்க மாட்டார்.

அப்புறம், முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, படகின் பெயரும் நீளமும், எங்கிருந்து எங்கே, மைல், இரவு மணி நேரம், காற்று, நீங்கள் என்ன பொறுப்பில் இருந்தீர்கள். இறங்குவதற்கு முன்பே கேப்டனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம்.